நான்கு தாம்பூலப் பைகளும் நான் சொல்லாத மாத்திரைகளும்

செருப்பு வார் காலில் பதிந்ததுதான் முதல் அறிகுறி. மாலையில் செருப்பைக் கழற்றினால் புறங்காலில் வாரின் தடம் அப்படியே கிடக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்ல மேலே வரும். ஓய்வு பெற்ற மனிதனுக்கு இப்படி ஒரு குழி கிடைத்தால் போதும், நாள் முழுக்க அதையே அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் லைன்மேன் வேலை பார்த்தவன். எரியோட்டில் பிறந்து, திண்டுக்கல்லில் வீடு கட்டி, நானும் மனைவி ஜெசிந்தாவும் இருக்கிறோம். ஒரே மகள் ஸ்டெல்லா ஒட்டன்சத்திரத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டில் மாத்திரைப் பைகளை ஆணியில் மாட்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்காகவும், அவர்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். மாத்திரைகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. எனக்கு ஒத்துவராதது உங்கள் உயிரைக் காப்பாற்றும் மருந்தாக இருக்கலாம்.

இரத்த அழுத்தத்துக்கு வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் பல வருடங்களாக ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். கால் வீங்கியதும் அவரிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் கால் வீங்கினால் சிறுநீரகம் என்று கேள்விப்பட்டிருந்ததால், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் இரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்துவிட்டு, “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்.

“ஒன்னுமில்ல சார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முதல் வீட்டில் காபி கொடுப்பார்கள். இரண்டாவது வீட்டிலும் கொடுப்பார்கள். ஏழாவது வீட்டில் கொடுக்கும்போது வயிற்றில் இடமிருக்காது. அப்போதும் “இப்பத்தான் குடிச்சிட்டு வாரோம்” என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால், அவர்கள் வீட்டில் குடிப்பீர்கள், எங்கள் வீட்டில் மாட்டீர்களா என்று முகம் மாறிவிடும். ஸ்டெல்லா கல்யாணத்துக்கு நான் ஒரே நாளில் பதினாலு காபி குடித்தவன். டாக்டர்களிடமும் அதே மரியாதையைக் கடைப்பிடித்தேன். ஒருவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் பெயரை எடுப்பது அவரைக் குறைத்துப் பேசுவதாகும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அதனால் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பை. கல்யாண வீடுகளில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பைகள்தான். எங்கள் வீட்டில் அவை குவிந்து கிடக்கும். அழுத்த மாத்திரையும் சீட்டும் ‘ராஜேஷ் – நித்யா’ பையில் இருந்தன. கால் வீக்க டாக்டருக்கு ‘சரவணன் – திவ்யா’ பை. எந்த டாக்டரிடம் போகிறேனோ அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். ஒருமுறை பை மாறிப்போய், பாதி வழியில் பார்த்துவிட்டு, ஆட்டோவைத் திருப்பி வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு போனேன். அவ்வளவு கவனம்.

கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் உட்கார்ந்து எழுந்தால் தரை ஆடியது. தலைச்சுற்றலுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். ‘பிரபு – கவிதா’ பை வந்தது. அவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதி, “குறையலன்னா வாங்க” என்றார். குறைந்தது. குறைந்ததால் விடாமல் சாப்பிட்டேன். பழைய சீட்டைக் காட்டினால் கடையில் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நாள் மாத்திரையைப் பத்து மாதம் சாப்பிட்டேன்.

அதற்குள் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காபி டம்ளர் டபராவில் பட்டுக் கடகடவென்று சத்தம் போடும். நடை சுருங்கிப்போனது. வாசலில் இருந்து தெருமுனைக்குப் போவதற்குள் ஜெசிந்தா இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்ப்பாள். “மூஞ்சில ஒரு சிரிப்பக் காணோமே, எம்மேல என்ன கோவம்?” என்று கேட்பாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்துக்கு அது தெரியவில்லை.

நரம்பு டாக்டரைப் பார்த்தோம். பார்க்கின்சன் (மூளையில் சில உயிரணுக்கள் குறைவதால் வரும் நடுக்குவாதம்) போலத் தெரிகிறது என்றார். மாத்திரைகள் பற்றி அவரும் கேட்டார். அவரிடமும் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாகப் பைகளை நான்தான் கையாளுவேன் என்பதால் ஜெசிந்தாவும் குறுக்கே பேசவில்லை. நடுக்கத்துக்கு மாத்திரை தந்தார். ‘ஜான்சன் – ஷீபா’ பை ஆணியேறியது. ஆக நான்கு ஆணி, நான்கு பை. முழங்கால் வலிக்கு நானே கடையில் வாங்கியது, மலச்சிக்கலுக்கு வாங்கியது எல்லாம் சேர்த்து நாளுக்குப் பதினோரு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்தால், சாப்பாடுதான் நடுவில் எங்கோ ஒடுங்கிக் கிடந்தது.

இந்தக் கடைசி மாத்திரைக்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மீதி ஜெசிந்தா சொன்னது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் சோறு போடவில்லையா என்று கேட்பேனாம். மகளை என் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறையில் அம்மாவிடம் மெதுவாகப் பேசியது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

“அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருச்சும்மா. நீ ஒத்தையா வச்சுப் பாக்க முடியாது. பரீட்சை முடியட்டும், வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க.”

மகள் நல்லவள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்று நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அழுதேன். வீடு போவதற்காக அல்ல. நான் எனக்குள்ளிருந்து காலி செய்துகொண்டிருக்கிறேன், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக அழுதேன். முகம் அப்போதும் மாறவில்லையாம். கண்ணீர் மட்டும் வழிந்ததாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம். சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்தேன். வாசலுக்கு எதிரே மின்கம்பத்தின் மேல் பெருமாள் உட்கார்ந்திருந்தான். “ஏலே அந்தோணி, பாத்துக்கிட்டு நிக்கிற? மேல வாலே” என்றான்.

பெருமாள் என்னோடு வேலை பார்த்தவன். அவன் செத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட ஏறினான். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஏறினான். தோப்புக்குள் மோட்டாருக்கு ஜெனரேட்டர் ஓடியது எங்களுக்குத் தெரியாது. அந்த மின்சாரம் எதிர்ப்பக்கமாக லைனுக்குள் வந்துவிட்டது. எங்கள் வேலையில் அதை ரிட்டன் சப்ளை என்போம். அவனைக் கீழே இறக்கியவன் நான்.

இதெல்லாம் அன்று எனக்கு நினைவில்லை. பெருமாள் கூப்பிடுகிறான், போக வேண்டும், அவ்வளவுதான். வீட்டு இரும்பு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் சாய்த்தேன். நடுங்குகிற கை ஏணியை எப்படித் தூக்கியதோ தெரியவில்லை. இடுப்பில் கட்டிங் பிளேயரைக்கூடச் செருகியிருந்தேனாம். நாலு படி ஏறியபோது ஜெசிந்தா ஓடிவந்து என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, எறங்குங்க! லைன்ல கரண்டு இருக்குங்க! எறங்குங்க!”

உதறினேன். கால் வழுக்கியது. எழுபது கிலோ உடம்போடு அவள் மேல் விழுந்தேன். எனக்கு நெற்றியில் மூன்று தையல். அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

மருத்துவமனை நடைபாதையில் ஒரு நீல பெஞ்சு. ஒரு முனையில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள், மறுமுனையில் தலையில் கட்டோடு நான், நடுவில் ஸ்டெல்லா. கூட்டம் பார்த்துக்கொண்டு போனது. எனக்குத் தெளிவு வந்தும் போயும் இருந்தது. வந்த நேரத்தில் அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் வீங்கிப்போய் இருந்தன. யார் உன்னை இப்படிப் பண்ணியது என்று கேட்டேனாம்.

பொது மருத்துவ டாக்டரம்மா என்னைப் பரிசோதித்தார். நடுத்தர வயது. அதட்டலும் கிடையாது, அவசரமும் கிடையாது. உட்கார வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்தார். நின்றபோது அது மளமளவென்று இறங்கியது. பிறகு எல்லோரும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

அந்த நிலையிலும் என் மரியாதை என்னை விடவில்லை. “பி.பி.க்கு மட்டும் ஒன்னு, டாக்டரம்மா” என்றேன்.

வெளியே பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா எழுந்து உள்ளே வந்தாள். நாற்பத்து நாலு வருடத்தில் அவள் வெளியாள் முன்னால் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“பொய் சொல்றாரு டாக்டர். நாலு பை இருக்கு.” மகளிடம் திரும்பினாள். “ஸ்டெல்லா, வீட்டுக்குப் போ. ஆணில தொங்குற அம்புட்டையும் எடுத்துட்டு வா. மேசை டிராயர்ல முட்டி வலி மாத்திரை கெடக்கும், அதையும் அள்ளிட்டு வா. லேகியம் டப்பாவக்கூட விட்றாத.”

ஒரு மணி நேரத்தில் எல்லாம் டாக்டரம்மாவின் மேசையில் கொட்டப்பட்டன. பாதி வெட்டிய அட்டைகள், பெயர் இருந்த பக்கம் போய் வெறும் மாத்திரை மட்டும் மிஞ்சியவை, பழைய சீட்டுகள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல எது முதல்ல வந்துச்சு, எது அப்புறம் வந்துச்சு? அது தெரிஞ்சாத்தான் நான் மேற்கொண்டு யோசிக்க முடியும்” என்றார்.

சீட்டுகளில் சிலவற்றில் தேதி அழிந்திருந்தது. அப்போது ஸ்டெல்லா காலிப் பைகளை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொரு பையிலும் மணமக்கள் பெயருக்குக் கீழே கல்யாணத் தேதி அச்சிட்டிருந்தது. அந்தந்த நேரத்தில் வீட்டுக்குப் புதிதாக வந்த பையைத்தான் எடுத்திருக்கிறேன்.

ஜெசிந்தா இடது கையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “இந்த ராஜேஷ் கல்யாணம் ரொம்ப வருசத்துக்கு முந்தி. அப்ப பி.பி. மாத்திரை மட்டுந்தான். சரவணன் கல்யாணத்துக்குச் செருப்பு போட முடியாம வெறுங்காலோட வந்தாரு. பிரபு கல்யாணத்துல பந்தில இருந்து எந்திரிக்கையில தள்ளாடினாரு. ஜான்சன் கல்யாணத்துல பாயசம் கைல இருந்து சட்டையெல்லாம் கொட்டிருச்சு.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு எங்கள் மூவரையும் பார்த்தார்.

“இந்த பி.பி. மாத்திரை சில பேருக்குக் காலை வீங்க வைக்கும். அதுக்கு நீர் மாத்திரை. அதனால பி.பி. ரொம்ப எறங்கித் தலை சுத்தல். அதுக்கு ஒரு மாத்திரை. அதை மாசக்கணக்கா சாப்பிட்டா கை நடுங்கும், நடை சுருங்கும். அந்த நடுக்கத்துக்குக் கொடுத்தது வயசானவங்களுக்கு மனசைக் கலக்கும், இல்லாத ஆளு தெரிவாங்க. தனித்தனியா பார்த்தா நாலு பேரும் தப்பா எழுதல. அவங்களுக்கு மத்தது தெரியாது.”

“அப்ப நடுக்குவாதம், மறதி நோய்?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாத்திரையக் கொறச்சுப் பார்த்தாத்தான் தெரியும். மாசக்கணக்கு ஆகும். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ஒவ்வொன்னா, நான் சொல்ற வரிசையில.”

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். “அது தெரியுற வரைக்கும் வீட்டப் பூட்ட வேண்டாம்” என்றாள் மகளிடம். ஸ்டெல்லா தலையாட்டினாள்.

எனக்கு அப்போது பெருமாள் ஞாபகம் வந்தது. கம்பத்தின் மேல் கண்ட பெருமாள் அல்ல, செத்துப்போன பெருமாள். எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு. லைன் கிளியர், அதாவது இந்த லைனில் நான் கை வைக்கிறேன், வேறு யாரும் சப்ளை கொடுக்காதீர்கள் என்று துணை மின்நிலையத்தில் சொல்லி, நோட்டில் எழுதி, எண் வாங்கிக்கொண்டு ஏறுவது. ஒரே லைனில் இரண்டு இடத்தில் இரண்டு பேர் வேலை செய்தால் இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். இருவரும் இறங்கி வந்து சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். பெருமாளுக்குப் பிறகு, லைன் போகும் வழியில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்காமல் நான் யாரையும் கம்பத்தில் ஏற்றியதில்லை. சொல்லாமல் மறைத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் என் உடம்பு என்ற ஒரே லைனில் நான்கு பேரை ஏற்றிவிட்டு, ஒருவர் இருப்பதை மற்றவரிடம் சொல்லாமல் கீழே நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒரு எல்.சி. நோட்டு போடுங்க ஐயா” என்றார்.

போட்டேன். ஒரு நீள நோட்டு. என்ன மாத்திரை, யார் எழுதியது, எதற்கு, எத்தனை நாளைக்கு, எல்லா டாக்டரும் பார்த்தாயிற்றா என்று கட்டங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு கட்டங்களில் இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது, இன்னொன்று ஜெசிந்தாவுடையது. என் சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பது அவள் கட்சி. அதை நான் மறுக்கவில்லை.

முதலில் நடுக்க மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்கள். பத்து நாளில் மனம் தெளிந்தது. மழை ஓய்ந்த பிறகு தெருவைப் பார்ப்பது போல இருந்தது. வீட்டில் இருந்த பொருள்களெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மறதி நோய் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று ஸ்டெல்லா போனில் அழுதாள். தலைச்சுற்றல் மாத்திரை அடுத்து நின்றது. அழுத்தத்துக்கு வேறு மாத்திரை மாற்றியதும் கால் வீக்கம் வற்றியது, நீர் மாத்திரை தேவைப்படவில்லை. முட்டி வலிக்குக் கடை மாத்திரைக்குப் பதிலாகச் சில உடற்பயிற்சிகள். அவற்றைச் செய்யும்போது வலிக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் நடுக்கம் போகவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. ஆறு வாரம் ஆயிற்று. தினமும் டம்ளர் கடகடத்தது. இது நிஜமான நடுக்குவாதமாகவே இருந்துவிட்டால் என்ற பயம் காலையில் எனக்கு முன்பே எழுந்துவிடும். ஜெசிந்தா கை சரியில்லாததால் நான்தான் காய் நறுக்கினேன். கத்தரிக்காய்த் துண்டு ஒன்று கட்டைவிரல் அளவு, ஒன்று சுண்டுவிரல் அளவு என்று வரும். “இந்த வெஞ்சனத்த யாருக்கும் காட்டிராதீங்க” என்பாள். ஒருநாள் தாங்க முடியாமல், உன் கையை ஒடித்துவிட்டேனே, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் இடது கையால் காயைச் சட்டியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“முப்பத்து மூணு வருசம் அம்புட்டு கம்பத்துல ஏறி எறங்குனீங்க, ஒரு கீறல் இல்ல. கடைசியில எம்மேல வந்து எறங்கிட்டீங்க. சரி, போங்க, தண்ணி காய வைங்க.”

மூன்றாம் மாதம் ஒரு காலை. நான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“என்னங்க, காபியக் குடிச்சீங்களா இல்லையா? சத்தத்தையே காணோமே?”

கையில் இருந்த டம்ளரைப் பார்த்தேன். பாதி குடித்திருந்தேன். டபராவில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சத்தம் வரவில்லை. அவள் வந்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “செத்த நேரம் அப்படியே வச்சிருங்க” என்றாள். இருவரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சிரித்திருக்கிறேன். இந்த முறை அது முகத்தில் தெரிந்ததாகச் சொன்னாள்.

இப்போது நாளுக்கு மூன்று மாத்திரை. கோபம் வந்தால் வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் துடிக்கும். அது போகாமலே இருந்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. படுக்கையிலிருந்து எழும்போது விளிம்பில் உட்கார்ந்து இருபது வரை எண்ணிவிட்டுத்தான் நிற்கிறேன். முன்பெல்லாம் என் காலும் தலையும் கையும் தனித்தனி ஆட்கள் போல இருந்தன, தனித்தனியாக வைத்தியம் செய்தேன். இப்போது உடம்பு முழுக்க ஒரே கம்பி ஓடுவது தெரிகிறது. நேரமும் மாறிவிட்டது. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் சிதறிக் கிடந்த நாள், திரும்பவும் காலை, மதியம், மாலை என்று நீளமாக இருக்கிறது. சில நாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வாய் வழியாக உள்ளே போகிற எல்லாவற்றையும், லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முகம் மாறாது. மாறினாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஆணிதான். நோட்டு அதில் தொங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் என் கையெழுத்து கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே ஓடிக் கிடக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் அது மெல்ல நிமிர்ந்து, வேலையில் இருந்த காலத்து எல்.சி. நோட்டில் போட்ட கையெழுத்தாகவே ஆகிவிடுகிறது. பக்கத்துக் கட்டத்தில் ஜெசிந்தாவின் கையெழுத்து. அவள் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை, இனி முழுதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முத்து முத்தாக எழுதியவள், முதல் பக்கத்தில் இடது கையால் எப்படிக் கிறுக்கினாளோ, நேற்று வலது கையாலும் அப்படித்தான் கிறுக்கியிருக்கிறாள். தினமும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறேன்.